எதற்கு எது

பதினோரு பதார்த்த விருந்து. முடிவில்
சிவப்பு மையில் பெருவிரலை அமுக்கச் சொன்னார்களாம்.
நான்கு நாளாய்ப் புளியேப்பம்.
கைஃபெங் மேற்குத் தெருவில், என் மருந்துக் கடையில்
வயிற்றைப் பிடித்தபடி பஸ் ஓட்டுநர் லுவோ ஷிபின்.

பன்றிக்கறிக்குக் காய்ந்த ஷான்ஜாப் பழம்.
சாராயத்துக்குப் புளித்த மாவுக்கட்டி.
நூடுல்ஸுக்கு முள்ளங்கி விதை.
நிறுத்துக்கொண்டே சொல்கிறேன்.
"வீட்டுக்கு?" என்கிறார்.

ஆரஞ்சுத் தோல் ஒரு பிடி கூடப் போடுகிறேன்,
மணமாவது இருக்கட்டும்.

காசு எண்ணும் விரல் ரேகையில்
இன்னும் போகாத சிவப்பு.
என் கடைச் சுவரிலும் அதே நிறத்தில்
வட்டம் போட்டு எழுதியிருக்கிறது: இடி.

நாளை இரவு விருந்துக்கு
என்னையும் அழைத்திருக்கிறார்கள்.

அவர் போய்விட்டார்.
தராசை எடுத்து வைக்கவில்லை.
முதலில் முள்ளங்கி விதை.