வீட்டுக்குப் போகாத பணம்

சனிக்கிழமை சாயங்காலம்
அண்டியாபீஸ் கேட்டுக்கு வெளியே
கூலிக் கவரைப் பிரித்த கையோடு
ஏழு பேரும் ஆளுக்கு இருபது எடுத்துவிடுவோம்.
நூற்று நாற்பது.
ஏலம் இல்லை, குலுக்கல் இல்லை, முறை மட்டும்.
சட்டம் ஒன்றுதான், கிளாடிஸ் போட்டது:
இந்தப் பணம் வீட்டுக்குப் போகக் கூடாது.

மீன் வாங்கக் கூடாது. இருமல் மருந்து கூடாது.
செவ்வாய்க்கிழமை லோன்காரனுக்குக் குறைகிறதே என்று
நினைக்கவும் கூடாது.
பஸ் வருவதற்குள் கருங்கல் சந்திப்பிலேயே
செலவாகிவிட வேண்டும்,
அவரவர்க்கே.

புஷ்பலீலா நகச்சாயம் வாங்கினாள்.
கைவிரல்களைத் தோட்டெண்ணெய் எடுத்துக்கொண்டு
வருஷம் பல ஆயிற்று.
காலுக்குப் போட்டாள்.
அண்டி தல்லுகிற பலகைக்கு அடியில்
பத்து மிளகாய்ப்பழம்.

யேசுவடியாள் ஒரு முழு பிரியாணியை
ஒற்றைக்கு உட்கார்ந்து தின்றாள்.
கை கழுவ மனசில்லாமல்
மற்றக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கி வந்தாள்.

செல்வபாய் ஸ்டூடியோவுக்குப் போனாள்.
ஆதாருக்கா, ரேஷனுக்கா, பாங்கிக்கா என்று கேட்டிருக்கிறான்.
ஒண்ணுக்கும் இல்ல,
சிரிச்சா எடுப்பியளா என்றாளாம்.

சரோஜம்தான் களவு செய்தாள்.
பாவாடை வாங்கினேன் என்று சொல்லிவிட்டு
மகனுக்கு ஜியாமெட்ரி பெட்டி.
கண்டுபிடித்து ஒரு முறை தள்ளிவைத்தோம்.
அழுதாள்.
அடுத்த வாரமும் இருபது தந்தாள்.

என் முறை ஆனியில் வந்தது.
விடாத மழை. பால்வெட்டு நின்று பதினேழு நாள்.
தாசையன் கத்தியைத் தீட்டுவார், சுவரில் மாட்டுவார்,
எடுத்து மறுபடியும் தீட்டுவார்.
நூற்று நாற்பதை ஈரக்கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு
சந்திப்பில் நின்றேன்.

சீலைக்கடையைப் பார்த்தேன். பேக்கரிக் கண்ணாடியைப் பார்த்தேன்.
உனக்க மனசுக்கு என்ன வேணும் பிள்ளே என்று
என்னிடமே கேட்டேன்.
மகளுக்கு என்ன வேண்டும், தெரியும்.
அவருக்கு, தெரியும்.
ஆட்டுக்குக்கூடத் தெரியும்.

திக்கணங்கோடு பஸ் வந்தது,
பெண்களுக்குக் காசில்லாத பஸ்,
படிக்கட்டு வரை பெண்கள்.
ஆறு பேரும் ஏறி உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஓரமாய் நின்ற ஆட்டோவில் ஏறினேன்.
நூற்றைம்பது என்றான். நூற்று நாற்பது என்றேன்.
பேரம் பேசாமல் ஏற இன்னும் படிக்கவில்லை.
ஆருக்காவது சுகமில்லியா அக்கா என்றான்.
எங்கள் மாதிரி ஆட்கள் ஆட்டோ பிடிப்பது
பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும்தான்.
இல்ல தம்பி,
எனக்கு நல்ல சுகம் என்றேன்.

நடுவில் உட்கார்ந்தேன்.
மடியில் யாருடைய பையும் இல்லை.
இரண்டு பக்கமும் இடம் இருந்தது.
அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.
படுதாவை இறக்கவா என்றான், வேண்டாம் என்றேன்.
சாரல் ஒரு முழங்காலை மட்டும் நனைத்தது.
மரச்சீனி விளை போயிற்று.
ரப்பர் மரங்கள்
பால் இல்லாத சிரட்டைகளில் மழையை வாங்கிக்கொண்டு நின்றன.

வளைவில் பஸ்ஸைத் தாண்டினோம்.
ஜன்னல் கம்பிக்குள் ஆறு முகம்,
கிளாடிஸ் வாயை மூடவில்லை.
நான் கையசைக்கவில்லை. ஏனோ,
ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
தினமும் ஆட்டோவில் போகிறவள் மாதிரி.

திங்கட்கிழமை வழக்கு வைத்தார்கள்.
தல்லும் சத்தத்துக்கு மேலே கிளாடிஸ் கேட்டாள்:
பணம் வீட்டுக்குப் போகக் கூடாதுண்ணுதானே சட்டம்,
நீ அதுல ஏறியே வீட்டுக்குப் போயிட்டியே?

குருசடியிலேயே இறங்கிட்டேன் என்றேன்.

மீதியை நடந்துதான் போனேன்,
நனைந்து, செருப்பில் சேறு அப்ப.
பஸ் கிடைச்சுதா என்று கேட்டார்,
கத்தியிலிருந்து கண் எடுக்காமல்.
ம் என்றேன்.