பதினொரு நிமிடம்

கிளைபெடா துறைமுகத்தில்
ஐந்தாம் எண் கிரேனின் உச்சியில்
கண்ணாடிக் கூண்டுக்குள் ஸ்கிர்மாந்தே.
கீழே இறங்க இருநூற்றுப் பதினேழு படி.
மின்தூக்கி உண்டு.
பழுது என்ற பலகையும் உண்டு,
பலகைக்கு வயது மூன்று.

பத்தொன்பது ஆண்டு
தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தவள்.
குடித்தால் இறங்க வேண்டும்,
இறங்கினால் கப்பல் நிற்கும்,
நின்றால் வாக்கி டாக்கியில் அல்விதாஸ்
"என்ன, மறுபடியுமா?" என்பான்
துறைமுகத்துக்கே கேட்கும்படி.

அதனால் காலையில் அரைக் கோப்பை காப்பி,
மதியம் பன்றிக்கொழுப்பு தடவிய கறுப்பு ரொட்டி,
நா வறண்டால் ஒரு புளிப்பு மிட்டாய்.
சாயங்காலம் தரையைத் தொட்டதும்
பகலெல்லாம் முடிந்துவைத்த தாகத்தை
பீர்க் கடையில் அவிழ்ப்பாள்.
எது தண்ணீர், எது தண்ணி என்று
அந்த நேரத்துத் தொண்டைக்குத் தெரியாது.

செப்டம்பரில் கல்.
கடுகளவுதான் என்றார்கள்.
நாற்பது டன் பெட்டியை
முட்டைபோல் இறக்கிவைக்கிற கைகள்
கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு
கடுகின் காரத்தை அறிந்தன.

"நாளுக்கு இரண்டரை லிட்டர் குடிக்கணும்."
"குடித்துவிட்டு எங்கே போவது, டாக்டர்?"
அவர் சிரித்தார்.
அவள் கேள்வியாகத்தான் கேட்டாள்.

சபதமெல்லாம் இல்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை பீர்க் கடை வாசலில்
ஷூ நாடா கட்டக் குனிந்தவள்
நிமிர்ந்து பேருந்து நிறுத்தம்வரை நடந்தாள்.
பிறகு அடுத்த நிறுத்தம்வரை.
வியாழனன்று உள்ளே போனாள்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
வெள்ளியன்று வீட்டில் பீட்ரூட் வெந்தது,
மேலே ஒரு பிடி சதகுப்பைக் கீரை.

இன்று மூடுபனி விலகிய பத்தரை மணி.
காலருகே பாட்டில் பாதி காலி.
இரும்புக் கயிற்றில் எதுவும் தொங்கவில்லை.
"ஐந்தாம் எண். இறங்குகிறேன்."
"என்ன, மறுபடியுமா?"
"மறுபடியும்தான், அல்விதாஸ்.
சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு தடவை.
அவ்வளவு அவசரமென்றால்
மின்தூக்கிக்கு ஆள் அனுப்பு."

வாக்கி டாக்கி கரகரத்து அடங்குகிறது.

இறங்குவது பெரிதில்லை.
ஏறும்போது
எண்பதாவது படியில் முழங்கால் ஏதோ சொல்லும்,
நூற்றைம்பதில் நெஞ்சு.
போன மாதம் நூறிலேயே சொன்னது.
நின்று, கம்பியைப் பிடித்து, கீழே பார்க்கிறாள்:
முந்நூறு மீட்டர் நீளக் கப்பல்
ஒருத்தி சிறுநீர் கழித்துவிட்டு வரும்வரை
கட்டிய கயிறுகளை மெல்ல இழுத்துப் பார்த்தபடி
காத்திருக்கிறது.