செய்கூலி, சேதாரம்

மைரிங்கனில், ஆரே ஆற்றங்கரையில்,
எடைமேடைக்குப் பக்கத்தில் என் கண்ணாடிக் கூண்டு.
பதினோராவது வருடம்.
பாரவண்டி ஏறும். எண்கள் துடித்து அடங்கும்.
சீட்டு அடிப்பேன். வண்டி இறங்கும்.
மலையோடு எனக்குப் பழக்கம்
டன் கணக்கில்தான்.

வசந்தத்தில் வலைகளைக் காலி செய்வார்கள்,
சாலைக்கு மேலே கட்டிய கம்பி வலைகள்.
குளிர்காலம் முழுக்க
உச்சி உதிர்த்ததெல்லாம் அதில் கிடக்கும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
அந்த உயரத்தில் எறும்பு ஏது?
பகலில் ஒரு சொட்டு விரிசலுக்குள் இறங்குகிறது.
இரவில் உறைந்து
பத்தில் ஒரு பங்கு பருக்கிறது, அவ்வளவுதான்.
மறுநாள் இளகி
இன்னும் ஒரு மயிரிழை உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது.
அவசரமே இல்லாத ஆப்பு.

இவர்கள் சிகரத்தை ஹோர்ன் என்கிறார்கள். கொம்பு.
முளைத்த கொம்பு இல்லை அது.
மூன்று பக்கமும் பனியாறுகள் உட்கார்ந்து
வழித்து வழித்துத் தின்றன.
நடுவில் எட்டாமல் போனது
வாழ்த்து அட்டையில் நிற்கிறது,
சாக்லேட் உறையில்,
என் ஜன்னலிலும்.

தாலிக்கொடி செய்த ரசீதில்
சேதாரம் என்று ஒரு வரி இருந்தது.
அராவின பொடி எங்கே போச்சு என்று
அப்பா கேட்டார்.
கடைக்காரர் தேநீர் வரவழைத்தார்.
இங்கே ஒளிவுமறைவில்லை:
கோடை முழுக்க ஆரே
கழுநீர் நிறத்தில் ஓடுகிறது.
மூன்று தரம் அலசியும் தெளியாமல்
பிரியன்ஸ் ஏரியில் போய்ப் படிகிறது.

டாக்டர் ஃப்ரை என் முழங்கால் படத்தைப் பார்த்து
சொன்ன சொல்லைத் தமிழில் போட்டால்
தேய்மானம்.
படி ஏறாதீர்கள் என்றார்.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை,
நேகெலியின் வண்டியில் ஒரே ஒரு கல்.
அதில் துருப்பிடித்த ஆணி,
ஆணியில் ஒரு சாண் மரம்.
உச்சியில் நட்டிருந்த சிலுவையின் அடிக்கட்டை.

நேகெலி இயந்திரத்தை நிறுத்தவில்லை.
"பத்தொன்பது வயதில் இதன் மேல் நின்று
ரொட்டி தின்றேன்" என்றார்.
"ரேகுலாவும் இருந்தாள்."
பிறகு, "நீங்கள் போனதே இல்லையே?"

கூண்டைப் பூட்டாமல் வந்தேன்.
சக்கரத்தில் ஒரு கால், பக்கப் பலகையில் ஒரு கால்,
நேகெலியின் கை,
முழங்கால் இரண்டு தரம் சொடுக்கியது.
நின்றேன்.
மூவாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்துக் கல்,
தரையிலிருந்து இப்போது ஒரு ஆள் உயரம்.
சிமெண்ட் ஆலை தெரிந்தது.
பேருந்து நிறுத்தம் தெரிந்தது, போன வருடக் கல்லை அரைத்து
ஓரக்கட்டை போட்ட இடம்.
மேலே, ஜன்னலில் தினம் பார்த்த கொம்பு
கொஞ்சம் மழுங்கி,
அல்லது புதிதாய்க் கூர் வைத்து.
இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

திரும்பிப் பார்த்தால்
எடைப் பலகையில் எண் அறுபத்திரண்டு ஏறியிருந்தது.

இறங்கினேன். எண் அடங்கும்வரை காத்திருந்தேன்.
பொருள் என்ற கட்டத்தில்
சிகரத்துக்குத் தனி எண் கிடையாது.
ஒன்று மணல், இரண்டு சரளை,
மூன்று கலப்புக் கல்.
மூன்றை அழுத்தினேன்.
பின்னால் அடுத்த வண்டி ஒலி எழுப்பியது.