அதே ஊசி

வால்டாக்ஸ் ரோட்டில்
கடை ஷட்டர்கள் இறங்கின பிறகு
அட்டைப் பெட்டி விரித்துப் பாடம்.
டெய்சிக்கா தூக்கிக் காட்டிய படத்தை
லாரி வெளிச்சம் தின்று தின்று துப்பியது.

ஒரு டீயை மூணாய்ப் பிரிப்போம்.
ஒரு போர்வையில் நாலு பேர்.
பிரிக்காதவனுக்கு எங்களிடம் வேறு பேர்.
அதனால்தான் சகாயத்துக்குக் கோபம்:
"இன்னாக்கா, பச்சை குத்துற ஊசில
என் கூட்டாளி ரத்தம் எனக்கு விஷமா?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை.
அவன் மிச்சம் வைத்த டீயை
அதே கப்பில் குடித்தாள்.

"இதுல வராது.
போர்வைல வராது, கொசு கடிச்சா வராது.
ஊசில வரும்.
உறை இல்லாத ராத்திரில வரும்.
மூஞ்சியப் பாத்தா மட்டும்
யாருக்கும் தெரியாது."

உறை என்றதும் சிரித்தோம்.
மோசஸ் சிரிக்கவில்லை.
அவன் முழங்கையில் ஒரு நங்கூரம்.
என் முழங்கையிலும்.
போன மாசிக்கு எனக்கு இருபது முடிந்த ராத்திரி,
காசிமேட்டில், ஒரே ஊசி.

காலையில் ஸ்டான்லியில் டோக்கன் வாங்கினோம்.
சீட்டு எழுதுகிறவள் தலை நிமிராமல்
அட்ரஸ் கேட்டாள்.

"யானைகவுனி பாலம்,
மூணாவது தூண்" என்றான் மோசஸ்.
"ரெண்டு பேருக்கும் அதான்.
தனித்தனியா எழுதிக்கோ."