பதினான்காம் கட்டம்

செயின்ட் ஜான் நதிக்குத் தெற்கே
ஓடிலோன் சீரின் உருளைக்கிழங்கு நிலம்
சரிந்து சரிந்து ஆல்டர் புதர்களுக்குள்
தன்னை மறக்கும் இடத்தில்
மண்துளைப்பானை இறக்கினேன்.
பதினெட்டு அங்குலம்.
வந்த மண்ணை வண்ண அட்டையோடு ஒட்டிப் பார்த்தேன்:
சாம்பல், நடுவே துரு நரம்புகள்,
அழுகிய முட்டை நாற்றம்.
"ஈரநிலம்தான்" என்றேன்.
"என் பூட்ஸ் எப்போதோ சொல்லிவிட்டது" என்றார்.

இளஞ்சிவப்புக் கொடிகளை நட்டுக்கொண்டே நடந்தேன்.
இந்தப் பக்கம் நிலம், அந்தப் பக்கம் நீர்.
ஒரு மேப்பிள் இரண்டு பக்கமும் வேர் விட்டிருந்தது;
அதைக் கேட்காமலே ஒரு பக்கம் சேர்த்தேன்.

அவருக்கு வேண்டியது ஒரு பாதை.
அக்கரை மேட்டில் மகள் வீடு கட்டுகிறாள்.
நூற்றிருபது அடிக்கு ஜல்லி, அடியில் ஒரு குழாய்.
"ஒருநாள் வேலை."
படிவம் இருபத்தாறு பக்கம்.

சமையலறை மேசையில் நிரப்பினோம்.
நீர்நிலையின் பெயர்?
"டிராக்டர் முழுகின இடம்னு சொல்வோம்."
பெயரற்ற ஓடை என்று எழுதினேன்.
தவளைகள் முட்டையிடும் குட்டை உண்டா?
"ஏப்ரலில் வந்து இங்கே தூங்கிப் பாருங்கள்."

பதினான்காம் கட்டம்:
ஈரநிலத்தைத் தொடாமல் போக
மாற்று வழி உண்டா? இருந்தும் ஏற்கவில்லையெனில், ஏன்?

பேனாவை என்னிடமிருந்து வாங்கி
வெறுமனே வைத்துக்கொண்டார்.
குளிர்பெட்டி உறுமி அடங்கியது.

வழி உண்டு.
மேற்கே சுற்றினால் காய்ந்த மேடு, பழைய வண்டித்தடம்,
தம்பி ஒனெசீமின் நிலம்.
பதினோரு ஆண்டு.
ஓர் அறுவடை இயந்திரம், யார் கையெழுத்து, யார் கடன்,
பாதி சொன்னார்,
பாதியைக் கட்டைவிரலால் மேசைத்துணியில் தேய்த்தார்.
நீரடித்து நீர் விலகாதாம்.
அதை எழுதக் கட்டம் இல்லை.
காரணம் என்ற கோட்டின் மேல்
அவரே எழுதினார், கொட்டை எழுத்தில்:
குடும்பம்.

எல்லை தொடும் ஒவ்வொருவருக்கும்
பதிவுத் தபாலில் அறிவிப்பு போகவேண்டும், அது சட்டம்.
தொடுகிறவர் ஒருவர்தான்.
முகவரியை எங்கும் பார்க்காமல் சொன்னார்,
அஞ்சல் குறியீட்டின் கடைசி எண்வரை.

ஒப்புகை அட்டை நான்காம் நாள் திரும்பியது.
வெறும் கையெழுத்து.
கருத்துச் சொல்ல முப்பது நாள் அவகாசம்.
இருபத்தொன்பதாம் நாள் அலுவலகத்துக்கு ஒரு தாள்,
தீவன ரசீதின் பின்புறம்:

*இரண்டடிக் குழாய் போதாது.
பனி உடைகிற வாரம் தண்ணீர்
வேலியின் மூன்றாம் கம்பிவரை ஏறும்.
அவனுக்குத் தெரியும். மறந்திருப்பான்.
நாலடி போடச் சொல்லவும்.*

ஆட்சேபங்களுக்கு ஒரு உறை,
ஆதரவுக்கு ஒரு உறை.
நகல் எடுத்து இரண்டிலும் வைத்தேன்.

தொலைபேசியில் ஓடிலோனுக்குப் படித்துக் காட்டினேன்.
மறுமுனையில் வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு,
"மூன்றாவதா? இரண்டாவது கம்பி.
அவன் எப்போதும் கூட்டித்தான் சொல்வான்."

திருத்திய வரைபடம் வெள்ளிக்கிழமை வந்தது.
நாலடி.
பதினான்காம் கட்டத்தில்
குடும்பம் என்ற சொல்மேல் வெள்ளை மை.
அதற்கு மேல் எதுவும் எழுதப்படவில்லை.

விடை இல்லாத கட்டம் இருந்தால்
முழுமையற்றது என்று முத்திரை குத்தி
அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.
திங்கள்வரை
என் மேசையிலேயே இருக்கட்டும்.