விருந்தினர் பதிவேடு

வெற்றிலைக் கடைக்காரி மடித்துக் கொடுத்த தாளில்
சுண்ணாம்புக்கு அடியில்
ஒரு மந்திரி ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.
தமிழில்.
மோல்மேனில் அப்படியொன்றைக் கண்டால்
யாராயிருந்தாலும் நின்றுவிடுவார்கள்.
மிச்சப் புத்தகத்தை எடைக்கு வாங்கினேன்,
முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்வரை.
அதற்கப்புறத்தை ஊர் மென்று துப்பிவிட்டது.

நாவலில் நாட்டுக்குப் பெயர் இல்லை.
மந்திரிக்கு உண்டு, ஆனால் நான்காம் அத்தியாயத்துக்குமேல்
அதைச் சொல்லி அவரைக் கூப்பிட ஆளில்லை.
தன் கோப்பையைத் தானே கழுவுகிற மனிதர்.
அச்சாபீஸ் பையனாயிருந்தபோது கழுவினார்,
சிறையில் கழுவினார்,
நாற்பத்தோரு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்திட்ட காலையிலும்
கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான்
பேனாவைத் திறந்தார்.
அந்த வரியை மூன்றுமுறை படித்தேன்.
நானும் என் டீக்கு நானே காசு கொடுக்கிறவன்.

வார்டு ஆபீசில் எனக்கு ஒரு ஸ்டூல்,
காய்ந்துபோன மைப்பெட்டி, நீளமாய் ஒரு பதிவேடு.
யார் வீட்டில் யார் ராத்தங்கல் என்று
ஒன்பது மணிக்குள் வந்து சொல்வார்கள். எழுதுவேன்.
மாமியார், மச்சான், பிரசவத்துக்கு வந்த தங்கை.
பதினோரு வருஷத்தில் ஒரு பொய் எழுதியதில்லை,
என் பெயரைத் தவிர:
வீட்டில் திருமேனி, முத்திரையில் கோ தான் ஹ்லா.
லாரியில் வருகிறவர்கள் பக்கம் புரட்டும்போது
கையெழுத்து அழகு என்பார்கள்.
யாரை ஏற்றிப் போனார்கள் என்று
வெளியே வந்து பார்த்ததில்லை.
கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த ஆனி மழை.
தன்லுவின் எது, வானம் எது என்று தெரியவில்லை.
டோ கின் எய் குடையில்லாமல் வந்தாள்.
“அக்கா மகன். ரெண்டு நாள்.”
பெயரைச் சொல்லுமுன் வாசலைப் பார்த்தாள்.
சொல்லவேண்டியதில்லை.
அவன் முகம் என் தலைக்குமேல் சுவரில் இருந்தது,
பசை தடவியவன் நான்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் சேர்ந்து
அப்போது எனக்கு நினைவூட்டியது ஒன்றுதான்.
மந்திரி கடைசிவரை பொய் சொன்னதில்லை.
அந்த நாற்பத்தொன்றும் பிழையில்லாத பெயர்கள்.

‘விருந்தினர் இல்லை’ என்று எழுதினேன்.
அழகாகவே வந்தது.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால்
நான் நல்லவன்.

மூன்றாம் நாள் ஸ்டூலுக்கடியில் ஒரு கூடை மங்குஸ்தான்.
வேண்டாம் என்றேன்.
அவள் இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டபடி
குனிந்து நீட்டினாள்.
லாரிக்காரர்களுக்குக் குனிவாளே, அதே குனிவு,
அரை அங்குலம் குறையவில்லை.
இல்லையென்று எழுதின கை
இருக்கிறதென்றும் எழுதும், அவளுக்குத் தெரியும்.
நாளைக்கே எழுதும். ஒரு கோபத்தில்.
கைமாற்று கேட்டு அவள் இல்லையென்றால்.
காப்பாற்றினவனுக்கும் பயப்படவேண்டியிருக்கிறது
என்பது நான் படித்த எந்த அத்தியாயத்திலும் இல்லை.
இருந்த தாளில் யாராவது புகையிலை மடித்துப் போயிருக்கலாம்.

வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால் இன்னும் பயப்படுவாள் என்று.
தொண்ணூறாம் பக்கத்தில் மந்திரி
முதல் வீட்டை வாங்கியதும் இதே காரணத்துக்குத்தான்.

அந்தப் பையன் தாய்லாந்துப் பக்கம் போய்ச் சேர்ந்தானாம்.
சேரவில்லை என்றும் சொல்கிறார்கள்.
நான் இரண்டு பேரிடமும் தலையாட்டினேன்.

ராத்திரி கரண்டு இல்லை.
மெழுகுவர்த்தியில் அந்தச் சுண்ணாம்புத் தாளை விரிக்கிறேன்.
‘கடிதத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு’
பிறகு ஒரு ஓட்டை, விளிம்பெல்லாம் வெள்ளையாய்.
அதன் வழியே தெரிகிறது என் பாய்,
நாலைந்து மங்குஸ்தான் ஓடு,
நேற்றிலிருந்து கழுவாத கோப்பை.