இரண்டு காலும் ஒரே தடத்தில்

சுற்றுப்படம் கேட்டேன்.
என்சியோ அனுப்பியது பொருத்துப்படம்:
எந்தத் துளையில் எந்தக் கால்,
எங்கே செம்பை வெட்ட வேண்டும்.
பந்தியில் யார் எங்கே உட்காருவதென்று தெரிந்தது.
யாருக்கு யார் என்ன உறவு?

தம்பெரேயில் பிப்ரவரி.
ஈயப்புகை போக ஜன்னலைத் திறந்தால் விரல் விறைக்கும்.
பெடலை மிதித்தேன்.
கித்தார் உறுமியது, நன்றாகவே.
ஏன் உறுமுகிறது என்றுதான் தெரியவில்லை.

ரொட்டிப் பையைக் கிழித்து
தடம் தடமாகப் பின்னோக்கி வரைந்தேன்.
விடியும்போது ஒரு மின்தேக்கி மிஞ்சியது,
இரண்டு காலும் ஒரே தடத்தில்.
ஒருவருக்கும் உறவில்லாமல்
பந்தியில் உட்கார்ந்திருந்தது.

போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"சுற்றுப்படமா... எனக்கும்
யாரும் தரவில்லை.
பதினோரு பெடல் செய்துவிட்டேன்,
அந்த மின்தேக்கியோடு."

ரொட்டிப் பையைப் படமெடுத்து அனுப்பினேன்.
மின்தேக்கியை மட்டும்
இன்னும் கழற்றவில்லை.